கிழக்கால இருக்கிற கை

“லெஃப்ட் எது?” என்றாள் ராசம்மாள்.

இராஜாங்கம் கிழக்குப் பக்கத்துக் கையைத் தூக்கினார். சரிதான். அவரை அப்படியே திருப்பி நிறுத்தி மறுபடி கேட்டாள். இப்போதும் கிழக்குப் பக்கத்துக் கைதான் எழுந்தது.

“கை மாறிப் போச்சுங்க!”

“கிழக்கு மாறலையே, புள்ள?”

மயிலாடுதுறைப் பக்கத்துக் குத்தாலத்து மனுஷர். சோற்றுத் தட்டில் ஊறுகாயைக்கூட வடக்கால வைக்கச் சொல்வார். இத்தனை நாள் அதனால் ஒரு குறையும் வந்ததில்லை. ஆனால் அந்த வருஷம் ஆற்றில் தண்ணீர் வரவில்லை, அவர் டிராக்டருக்கு வேலையும் இல்லை. வளைகுடாக் கம்பெனி ஒன்று மயிலாடுதுறைக்கு வந்து டிரைவர்களை எடுக்கப் போகிறது. நாற்பதைத் தாண்டினால் எடுக்க மாட்டார்கள். அவருக்கு அடுத்த மாதம் நாற்பது முடிகிறது. இதை விட்டால் வேறு வழியில்லை.

“ஆபீசர் லெஃப்ட், ரைட்டுன்னுதான் சொல்லுவாரு. நீங்க கிழக்கு மேக்குன்னா, பட்டிக்காடுன்னு அனுப்பிடுவாரு.”

வாயில் திசை வந்தால் அன்றைக்குக் காப்பி கிடையாது என்று சட்டம் போட்டாள். மூன்று நாள் தலைவலியோடு திரிந்தார். நான்காம் நாள், “மேகம் எந்தப் பக்கம் கூடுது?” என்று கேட்ட பக்கத்து வயல் பஞ்சநதத்திடம், “லெஃப்டுல” என்றார்.

பஞ்சநதம் நேராக ராசம்மாளிடம் வந்தார். “அண்ணனுக்கு யாரையாவது வச்சு மந்திரிச்சு விடுங்க.”

ராசம்மாளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

தேர்வு நாளில், மைதானத்தில் லெஃப்ட் என்றால் லெஃப்ட், ரைட் என்றால் ரைட். வளைந்து வளைந்து ஓட்ட வைத்திருந்த டிரம்களில் ஒன்றில்கூட ஜீப் உரசவில்லை. சட்டை வியர்வையில் தொப்பலாக நனைந்து இறங்கியவரைப் பார்த்து ஆபீசர் சிரித்தார்.

“நல்லா ஓட்டுறீங்க. இப்ப கண்ணை மூடிக்குங்க. வடக்கு எந்தப் பக்கம்?”

இராஜாங்கத்துக்குப் பகீரென்றது. பட்டிக்காடா என்று ஆழம் பார்க்கிறார்! அதற்குள் ஒரு கை தானாக வடக்கே எழுந்துவிட்டது. மற்றக் கையால் அதைப் பிடித்து அழுத்திக்கொண்டார்.

“அதெல்லாம் தெரியாதுங்க சார். லெஃப்ட், ரைட்டு மட்டுந்தான் தெரியும்.”

ஆபீசர் பெருமூச்சு விட்டு, பட்டியலில் அவர் பெயரை அடித்தார்.

ஒன்றும் புரியாமல் வெளியே வந்தவருக்குக் கேட்டைத் திறந்துவிட்டார் வாட்ச்மேன் காதர் மைதீன்.

“விடுங்கண்ணே, காலையிலேருந்து எல்லாரும் அந்தக் கேள்வியிலதான் அவுட்டு. அங்க பாலைவனத்துல ரோடே கிடையாதாம், திசை தெரிஞ்ச ஒரே ஒரு டிரைவர் கிடைச்சாப் போதும்னு ஊர் ஊரா தேடிக்கிட்டிருக்காரு.”