எட்டாவது கூட்டமும் மொட்டை மாடியும்

"சார், கூட்டத்துல உங்க குரல் விட்டு விட்டு வர்றது" என்றாள் ஸ்மிதா போனில், செம்பூரில் தன் வீட்டிலிருந்து. பஞ்சுவின் ஆபீஸில் ஜூனியர்.

மும்பையின் இன்னொரு மூலையான மாதுங்காவில், நாலாவது மாடியில், பஞ்சுவுக்கு வியர்த்தது. இன்னும் பத்து நிமிஷத்தில் உலகக் கமிட்டியின் ஆன்லைன் கூட்டத்தில் அவர் முறை. புத்தியுள்ள செல்போன் நெட்வொர்க் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று விதி எழுதும் கமிட்டி அது. பேசுகிறவர் அடுத்து எங்கே நகர்வார் என்று நெட்வொர்க்கே ஊகித்து, பேச்சு அறுபடாமல் காப்பாற்ற வேண்டும் என்பது பஞ்சுவின் யோசனை; இரண்டு வருஷத் தவம். ஒரே ஒருவர் ஆட்சேபித்தாலும் நிறைவேறாது. ஏழு கூட்டங்களில் விளக்கியாயிற்று. ஏழிலும் யாராவது கை தூக்கினார்கள். இன்றும் தூக்கினால் குப்பைக்கூடைதான். அதனால் இந்த முறை முப்பது பக்க விளக்கம் தயாரித்திருந்தார்.

"எனக்குப் பதிலா நீயே பேசிடேன்."

"நான் கேக்க மட்டும்தான் சார். பேச உரிமை கிடையாது."

"ஏன்னா, வைஃபை டப்பா கிச்சன்லதானே இருக்கு? அங்கே போய்ப் பேசுங்கோ" என்றாள் மனைவி நாகலக்ஷ்மி.

பஞ்சு லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போனார். அங்கே மிக்ஸி ஓடியது. மைக்கை அணைக்க மறந்ததால், தேங்காய்ச் சட்னி அரைபடுவதைப் பதினேழு நாட்டுப் பிரதிநிதிகள் பொறுமையாகக் கேட்டார்கள். பஞ்சு பாய்ந்து பிளக்கைப் பிடுங்கினார். மிக்ஸி ஓடிக்கொண்டே இருந்தது. வைஃபைதான் அணைந்தது.

"போச்சு! திரும்ப வர அஞ்சு நிமிஷமாகும்!"

"அப்போ போனை எடுத்துண்டு மொட்டை மாடிக்கு ஓடுங்கோ. அங்கே டவர் நன்னா கிடைக்கும்."

மாடிச் சாவி கீழே வாட்ச்மேனிடம். லிஃப்டில், ஓடாது என்று 'பந்த் ஹை' பலகை. நாலு மாடி இறங்கி, ஐந்து மாடி ஏறினார். அதற்குள் லைன் மூன்று தடவை அறுந்தது. அவர் எங்கே போகிறார் என்று எந்த நெட்வொர்க்குக்கும் ஊகிக்கத் தோன்றவில்லை.

மேலே சிக்னல் அமோகம். மூச்சுதான் இல்லை.

"மிஸ்டர் பஞ்சு, உங்கள் விளக்கம்?" என்றார் தலைவர்.

பஞ்சு வாயைத் திறந்தார். சார்ஜ் தீர்ந்து போன் அணைந்தது.

கைக்கெட்டியது வாய்க்கெட்டவில்லை. படி இறங்கும்போது அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

வீட்டில் நாகலக்ஷ்மி தன் போனை நீட்டினாள். "ஸ்மிதா லைன்ல இருக்கா."

"சொல்லும்மா, யார் கை தூக்கினா? போன தடவை தூக்கின ஜெர்மன்காரரா?"

"யாருமே இல்லை சார். ரெண்டே நிமிஷத்துல பாஸாயிடுத்து" என்றாள் ஸ்மிதா. "விளக்கறதுக்கு நீங்க இல்லையா, யாருக்கும் சந்தேகமே வரலை!"