சிவப்பு டேக் கட்டிய கட்டி

அடுத்தவர் செய்ததில் குறை கண்டுபிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் தரச் சோதனைப் பிரிவு. சின்னக் கீறலைக்கூட விடமாட்டேன். ஆனால் என் காதுக்கு மேலே, முடிக்குள் சுண்டைக்காய் அளவு கட்டி வளர்ந்ததை, சீப்பு இடித்து இடித்து வலித்த பிறகுதான் கவனித்தேன். (இந்த லட்சணத்தில் சிறந்த ஆய்வாளர் என்று கோப்பை வேறு.)

ஸ்ரீபெரும்புதூர் டாக்டரம்மா கட்டியை முழுசாக எடுத்து, மருந்துத் தண்ணீர் ஊற்றிய டப்பாவில் போட்டு, என் பெயரெழுதிக் கையிலேயே கொடுத்தார்.

"லேபுல குடுங்க. மெல்லிசா சீவி மைக்ராஸ்கோப்ல பார்த்தாதான் நல்ல கட்டியா, கெட்ட கட்டியான்னு தெரியும். தொலைச்சிடாதீங்க, வேற பீஸ் கிடையாது."

கெட்ட கட்டியாக இருந்துவிட்டால்? என் மகளுக்கு அப்போது நான்கு வயது. ஆனாலும் லேபுக்குப் போனால் கம்பெனி பஸ் போய்விடும். காலையில் கொடுத்துக்கொள்ளலாம் என்று, தையல் போட்ட தலையோடு பஸ் ஏறினேன். (அப்படியொரு கடமை வீராங்கனை!) பத்திரமாக இருக்கட்டும் என்று டப்பாவைச் சோதனை மேசையில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனேன்.

திரும்பி வந்தால் மேசை காலி.

"எக்கா, அதுல டேக் இல்லல்லா? செவப்புப் பெட்டியில போட்டுட்டேன்" என்றாள் இசக்கி. தென்காசிப் பெண், என்னிடம் வேலை பழகியவள்.

"என் பேரு இருந்துச்சேடி!"

"பேரு இருந்துச்சி. டேக் இல்லியே. டேக் இல்லாதத கேள்வி கேக்காம தள்ளுன்னு நீங்கதான சொன்னிய?"

சொன்னேன். சொன்னது மட்டுமா, போன வாரம் அதற்காகவே அவளை அழவைத்திருந்தேன். கழித்த பாகங்களைப் போடும் அந்தப் பெட்டியில் போடத்தான் வாய் உண்டு, எடுக்கப் பூட்டு. ஆறு மணிக்கு அதிலுள்ளதெல்லாம் நொறுக்கும் மெஷினுக்குப் போய்விடும். மணி ஐந்தே முக்கால். சூப்பர்வைசரிடம் ஓடினேன். அவர் நிதானமாக, பெட்டியைத் திறப்பதற்கான படிவத்தை எடுத்தார்.

"பார்ட் பேரு?"

"கட்டி சார்."

"எந்த லைன்ல செஞ்சது?"

"என் தலையில சார்."

"இன்னா டிஃபெக்ட்?"

"அது தெரியத்தான் சார் லேபுக்குப் போவுது!" என்று கத்திவிட்டு, லைன் மொத்தமும் பார்க்க ஓவென்று அழுதேன். மனுஷன் பேனாவைப் போட்டுவிட்டுச் சாவியோடு ஓடினார்.

ஓட்டை விழுந்த ரப்பர் வளையங்களுக்கு அடியில் டப்பா முழுசாகக் கிடந்தது. கழுத்தில் சிவப்பு டேக், இசக்கியின் அழகான கையெழுத்தில்: 'ரிஜெக்ட்'. மறுநாள் லேபில் பதற்றத்தில் அதோடேயே கொடுத்துவிட்டேன்.

ஒரு வாரம் எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் சோறு இறங்கவில்லை. பிறகு ரிப்போர்ட் வந்தது. மயிர்க்காலில் முளைக்கிற கட்டியாம். ரொம்ப அபூர்வம், கெடுதல் இல்லை என்றார் டாக்டரம்மா. ரிப்போர்ட்டோடு அந்த டேக்கையும் பின் அடித்து அனுப்பியிருந்தார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டே இவர் அதில் 'ரிஜெக்ட்' என்பதை அடித்துவிட்டு 'ஓகே' என்று எழுதினார்.

அது இன்னும் எங்கள் பீரோ கதவில் தொங்குகிறது. மாமியார் என் குறைகளை அடுக்க ஆரம்பித்தால் போதும், இவர் அதைக் கழற்றிக்கொண்டு வந்துவிடுவார்.

"எம்மா, சும்மா இரு. லேபே பாத்து ஓகே பண்ண பீஸு இது. வூட்ல இன்னா மறுபடி இன்ஸ்பெக்சன்?"