முறியும்வரை தோற்காதவர்

வெல்லவும் மாட்டார்கள், தோற்கவும் மாட்டார்கள். அப்படி ஓர் இனம் நம்மிடையே உண்டு. நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். கரம் பலகை விளையாட்டில் தோற்றால் பவுடர் போதாது என்பார். கிரிக்கெட்டில் விக்கெட் பறந்தால் காற்றடித்தது என்பார். பஸ்ஸைத் தவறவிட்டால், பஸ்தான் முந்திப் போனது, அவர் பிந்தவில்லை. இந்த இனத்தில் உத்தமமான ஒருவரை நான் கண்டது மட்டக்களப்புத் தன்னாமுனையில், ஒரு ஜூஜிட்சு மல்யுத்த வகுப்பில்.

பெயர் கேதீசன். வயது நாற்பத்தொன்று. வாவியில் வீச்சுவலை எறிபவர். அவருடைய வலது தோளால்தான் வீட்டில் அடுப்பு எரிகிறது. வயிறு முன்னுக்கு வருகிறது என்று மனைவி அஜந்தா சொன்னதால் வகுப்பில் சேர்ந்தார்.

அந்த விளையாட்டில் ஒரு நல்ல வழக்கம் இருக்கிறது. பிடி தாங்க முடியாவிட்டால் எதிராளியின் உடம்பிலோ மெத்தையிலோ இரண்டு தரம் தட்டித் தோல்வியை ஒப்புக்கொள்ளவேண்டும். அவர் உடனே விட்டுவிடுவார். இருவரும் சிரித்துக்கொண்டு மறுபடி தொடங்கலாம். ஒரு மாலையில் நூறு தரம் தட்டினாலும் யாரும் எண்ணப்போவதில்லை. எல்லாரும் தட்டினார்கள். பயிற்சியாளர் சர்மிலாகூடத் தட்டினார். கேதீசன் மட்டும் தட்டவில்லை. கால் வழுக்கியது, வேர்வை கண்ணில் விழுந்தது, மத்தியானம் சாப்பிடவில்லை என்று ஏதாவது ஒரு காரணம் அவர் கைவசம் எப்போதும் இருந்தது.

இப்படியிருக்க, ஒருநாள் சர்மிலா அவரை நிலோஜனோடு சோடி சேர்த்தார். நிலோஜன் கேதீசனின் ஊர்ப் பெடியன், இருபத்திரண்டு வயது, சாது. ஆனால் வடசேரிக்காரன். கேதீசனோ தென்சேரி. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: அவர்கள் ஊர்க் கண்ணகி அம்மன் கோயிலில் கொம்பு முறிப்பார்கள். ஊர் பிறப்பாலேயே வடசேரி, தென்சேரி என்று இரண்டு கட்சியாகப் பிரிந்து, இரண்டு வளைந்த மரக்கொம்புகளை ஒன்றோடொன்று கொளுவி, வடம் பூட்டி இழுக்கும். ஒரு கொம்பு முறியும்வரை இழுவைதான். முறிந்த பக்கத்தாருக்கு வசைப்பாட்டு. அங்கே தட்டுகிற வழக்கமெல்லாம் கிடையாது.

நிலோஜன் அவரை மல்லாக்க விழுத்தி, மார்பின் குறுக்கே படுத்து, வலது மணிக்கட்டை மெத்தையோடு அழுத்தி, தன் மற்றக் கையை அவர் முழங்கைக்குக் கீழால் விட்டுத் தன் மணிக்கட்டையே பிடித்துக்கொண்டான். பிறகு அவர் முழங்கையை மெல்ல உயர்த்தினான். தோள் பூட்டிக்கொண்டது.

"தட்டுங்க அண்ணன்!" என்றார் சர்மிலா.

"என்னத்துக்கு?"

"தோள் போயிரும்!"

"முறியல்லயே! முறியாம எப்பிடி மிஸ் தோக்கிற?"

"அண்ணன், நாளைக்கு வலை எறியணுமே, தட்டுங்க" என்று நிலோஜன் கெஞ்சினான். பூட்டுப் போட்டவன் கெஞ்சுவதை நான் அன்றுதான் கண்டேன்.

"தென்சேரியான் வடசேரியானுக்குத் தட்டினதெண்டு எங்கயாவது கேள்விப்பட்டிருக்கியாடா?"

தோளுக்குள் 'டக்' என்றது. நிலோஜன் கையை விட்டு எழுந்துவிட்டான். கேதீசன் மல்லாக்கக் கிடந்தபடியே சபைக்கு அறிவித்தார்:

"பாத்தீங்களா? விட்டிட்டான்!"

எலும்பு முறியவில்லை, தசைநார் பிய்ந்திருக்கிறது, ஆறு கிழமைக்கு, அதாவது ஒன்றரை மாதத்துக்கு, வலை எறியக்கூடாது என்றார் டாக்டர். முறியவில்லை என்ற பகுதி மட்டும் கேதீசனின் காதில் விழுந்தது. அஜந்தாவுக்கு மிச்சமும் விழுந்தது.

"அது உங்கட தோள் மட்டுமா? நாலு பேர் சாப்பிடுற தோள்! ரெண்டு தட்டுத் தட்டினா என்ன குறைஞ்சிரும்?"

மனைவியிடம் தோற்பதும் அவருக்குப் பழக்கமில்லை. காது கேட்காதவர்போல இருந்துவிட்டார்.

இப்போது தினமும் விடியவே நிலோஜன் வந்து அவருடைய தோணியில் நின்று அவருடைய வலையை எறிகிறான். மீன் முழுவதும் அஜந்தாவிடம் போகிறது. கேதீசன் கையைத் துணித் தொட்டிலில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டபடி தோணியில் குந்தியிருந்து பாடம் எடுக்கிறார்: "அப்பிடியில்லடா மனே, இடுப்பத் திருப்பு!" மீன் பட்டால் அவர் பழக்கிய பழக்கம். படாவிட்டால் வடசேரிக் கை. நிலோஜன் அடுத்த வீச்சுக்கு வலையை மடிக்கிறான். அந்தப் பிள்ளையின் பொறுமைக்குக் கோயிலே கட்டலாம்.

சிரிக்கிறீர்களா? நல்லது. நீங்கள் மெத்தைப் பக்கமே போகாதவர், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் போன கிழமை வீட்டில் ஒரு வாக்குவாதத்தில் வென்றீர்களே, பாதியில் எதிரே இருந்தவர் பேச்சை நிறுத்தி, "சரி, நீங்க சொல்லுறதுதான் சரி" என்று நிலோஜனைப்போல விட்டுவிட்டு எழுந்து போனாரே. அவர் தோற்றுத்தான் போனார் என்று உங்களுக்கு யார் சொன்னது?