மாமாவின் குரலை ஆறாகப் பிரித்தேன்

கணினி வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. புதிதாக எதையாவது கற்றுக்கொண்டால் அதை யார் தலையிலாவது கட்டாமல் சோறு இறங்காது. அலுவலகத்தில் என்றால் மேலாளர் ஒருவர் இருக்கிறார், தடுத்துவிடுவார். ஊரில் யார் தடுப்பது? "நம்ம செல்வி பெங்களூர்ல வேலை பாக்கா" என்கிற ஒரே காரணத்துக்காக நான் எதைக் கொடுத்தாலும் பயபக்தியோடு வாங்கிக்கொள்ளும் அப்பாவிகள் என் சொந்தக்காரர்கள்.

நான் இருப்பது தகவல்களைச் சேமித்துவைக்கும் ஒரு நிறுவனத்தில். வட்டுகள் பழுதானாலும் உள்ளே இருப்பது அழியாமல் காக்கிற ஒரு நிரல் நூலகத்தோடு மாரடிப்பதுதான் என் பிழைப்பு. (நூலகம் என்றதும் புத்தக அலமாரியை நினைக்க வேண்டாம். யாரோ மகா புத்திசாலிகள் எழுதிவைத்த நிரல்களின் தொகுப்பு அது. நாம் எடுத்துச் சொருகிக்கொள்ள வேண்டியதுதான். பெருமை மட்டும் நமக்கு.) அது செய்வது இதுதான்: ஒரு கோப்பைக் கொடுத்தால் நாலு துண்டாக வெட்டும். அந்த நாலையும் வைத்துக் கணக்குப் போட்டு மேலும் இரண்டு துண்டு உண்டாக்கும். ஆக ஆறு. இந்த ஆறில் எந்த இரண்டு தொலைந்தாலும் மிச்சமுள்ள நாலை வைத்து முழுக் கோப்பையும் திரும்பக் கொண்டுவந்துவிடும். எந்த நாலு என்பது அதற்கு ஒரு பொருட்டே இல்லை.

இதைக் கற்ற புதிதில் நான் தரையில் நடக்கவில்லை. அந்த நேரம் பார்த்துத்தான் சுடலைமுத்து மாமாவுக்குத் தொண்டையில் கட்டி என்று செய்தி வந்தது.

மாமா, என் அப்பாவின் தங்கை பேச்சியம்மாள் அத்தையின் வீட்டுக்காரர். கோவில்பட்டிக்குப் பக்கத்துக் கிராமத்தில் ஆடு வைத்திருக்கிறார். அவருடைய சத்தம் அந்தச் சுற்றுவட்டாரத்தில் பிரசித்தம். கரிசல் காட்டில் மறைக்க மரமும் கிடையாது, மேடும் கிடையாது. அவர் இங்கே நின்று ஆட்டை அதட்டினால் மூன்று காடு தள்ளிப் பருத்தி எடுக்கிறவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். அப்படிப்பட்டவரிடம் டாக்டர் சொல்லிவிட்டார்: குரல்வளையை எடுத்தாக வேண்டும். உயிருக்குப் பயமில்லை, ஆனால் பேச்சு வராது.

"உசுரு போதும்" என்றாள் அத்தை.

ஆபரேஷனுக்கு முன்னால் மாமாவின் குரலைப் பதிவு செய்துவிட வேண்டும் என்று நான் ரயிலேறினேன். (என் வாழ்நாளில் நான் எடுத்த ஒரே உருப்படியான முடிவு இது. இதோடு நிறுத்தியிருக்கலாம்.) சட்டைக் காலரில் சின்ன மைக்கைக் குத்தி, ஒரு நாள் முழுக்க அவரோடு காட்டில் அலைந்தேன். முதலில் மனிதர் மேடைப் பேச்சாளர் மாதிரி விறைத்துக்கொண்டு, "வணக்கம். நான் சுடலைமுத்து பேசுதேன்" என்றார். அதற்குள் ஓர் ஆடு யாருடைய உளுந்துக்குள்ளோ வாயை வைத்துவிட்டது. அத்தோடு மைக் மறந்து போயிற்று. அப்புறம் வந்ததெல்லாம் அசல் மாமா. பாதியைப் பிள்ளைகள் முன்னால் போட முடியாது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மாமாவுக்குக் கழுத்தில் ஒரு துளை, அதன் வழியாகத்தான் மூச்சு. பேச்சு, சீழ்க்கை எல்லாம் போயிற்று. பதிவைப் போட்டுக் காட்டட்டுமா என்று அத்தையிடம் கேட்டேன். சீறிவிட்டாள்.

"சும்மா கெடட்டி! அவிய நல்லா நடமாடி, முன்ன மாதிரி ஆட்டுப் பின்னால போவட்டும். அன்னைக்குக் கேக்கேன். இப்பம் கேட்டா செத்தவிய சத்தத்தக் கேக்குத மாதிரில்லா இருக்கும்."

அதுவரை அந்தக் குரலைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். புத்தியுள்ளவர்கள் என்றால் நாலு பேருக்கு முழுசாகக் காப்பி எடுத்துக் கொடுத்திருப்பார்கள், வேலை முடிந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? மாமாவின் குரலை ஆறு துண்டாக்கி ஆறு பென் டிரைவில் ஏற்றினேன். ஒன்று எனக்கு, ஒன்று அத்தைக்கு. மற்றவை கயத்தாறில் லோடு ஆட்டோ ஓட்டும் சித்தப்பாவுக்கும், ஓட்டப்பிடாரத்து மதினிக்கும், குளத்தூர் உப்பளத்தில் வேலை பார்க்கும் அக்காள் புருஷனுக்கும், கோவில்பட்டியில் செல்போன் கடை வைத்திருக்கிற என் பள்ளித்தோழன் ரபீக்குக்கும். எல்லாரிடமும் "பத்திரம்" என்று மட்டும் சொன்னேன். ஒரு துண்டைத் தனியாகப் போட்டால் ஒன்றும் கேட்காது என்பதை மட்டும் சொல்லவில்லை. அதைச் சொல்லவும் வேண்டுமா என்று நினைத்த மகாமேதை நான்.

மாமா தேறி எழுந்து, கம்பும் கையுமாக ஆட்டுப் பின்னால் போக ஆரம்பித்ததும் அத்தை வேண்டிக்கொண்டபடி கிடா வெட்டினார்கள். கறிச்சோறு முடிந்து எல்லாரும் முற்றத்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்ததும் அத்தை சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"ஏட்டி செல்வி, இப்பம் போடு. கேப்போம்."

மடிக்கணினியில் மூலக் கோப்பு சமர்த்தாக இருந்தது. ஒரு தட்டுத் தட்டினால் மாமா பேசியிருப்பார். ஆனால் அத்தனை கூட்டத்தைப் பார்த்ததும் எனக்குள் இருந்த வித்தைக்காரி எழுந்து நின்றாள்.

"எல்லாரும் நல்லாப் பாத்துக்கோங்க. இதுதான் மாமா குரல். இப்ப நான் இத அழிக்கப்போறேன்."

அழித்தேன். குப்பைத்தொட்டியையும் காலி செய்தேன். போதாக்குறைக்கு, மிச்சம் மீதி எதுவும் தேறிவிடாதபடி துடைத்தெடுக்கும் ஒரு நிரலையும் ஓடவிட்டேன். (பூரணமாகக் கெட வேண்டும் என்றால் இப்படித்தான் கெட வேண்டும்.)

"அடிப்பாவி!" என்றாள் மதினி.

"பதறாதீங்க மதினி. வேலிக்கு ஆறு கம்பு நேரா ஊனியிருக்கோம்னு வைங்க. நாலு கம்பு சாஞ்சு போனாலும் மிச்ச ரெண்ட வச்சு வேலி எப்படிப் போச்சுன்னு கண்டுபிடிச்சிரலாம்லா? அதே மாதிரிதான் இந்தக் கணக்கும். இதுக்கு நாலு வேணும், அவ்வளவுதான்."

"வேலி போன தெச தெரிஞ்சு என்னத்துக்கு? ஆடுல்லா வெளிய போயிரும்" என்றார் சித்தப்பா. எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கடைசியாக நான் சிரித்தது அப்போதுதான்.

சித்தப்பா சட்டைப் பையிலிருந்து தன் பென் டிரைவை எடுத்துப் பெருமையாக நீட்டினார். சொருகினேன். உள்ளே வரிசையாக அம்மன் பாட்டு.

"சித்தப்பா, நான் குடுத்தது எங்க?"

"அதுல ஒண்ணுமே பாடலயேம்மா. வண்டியில போட்டா கம்முனு கெடந்துச்சு. பிள்ளை வெறும் டப்பாவத் தெரியாமத் தந்திருக்கு, சரி போவுதுன்னு அழிச்சிட்டுப் பாட்டு ஏத்துனேன். நல்ல டப்பா, ஒரு கொறயும் சொல்ல முடியாது."

சரி, ஒன்று போனால் என்ன? மதினியுடையதைச் சொருகினேன். அது துடைத்துவைத்த தட்டு மாதிரி இருந்தது.

"ஜெராக்ஸ் கடையில ஆதார் எடுக்கக் குடுத்தேன் செல்வி. என்னமோ புரியாத பைல் கெடக்கு, வைரஸா இருக்கும்னு சொல்லி அவரே சுத்தம் பண்ணிக் குடுத்துட்டாரு. காசுகூட வாங்கல."

வட்டு எப்படியெல்லாம் சாகும் என்று யோசித்து யோசித்து எழுதியிருக்கிறார்கள் அந்த நூலகத்தை. வெப்பம், தூசி, மின்சாரம் எல்லாவற்றையும் யோசித்திருக்கிறார்கள். என் சித்தப்பாவை யாரும் யோசிக்கவில்லை.

ஆறில் இரண்டு போயாயிற்று. இனி ஒன்றுகூடப் போகக் கூடாது. மாமா எதிரே உட்கார்ந்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு விரலாக மடக்கிக்கொண்டிருந்தார். என்னுடையது நன்றாக இருந்தது. அத்தையுடையது பூஜை அலமாரியிலிருந்து சந்தனம் குங்குமத்தோடு வந்தது. வாயெல்லாம் குங்குமம். துடைத்துச் சொருகினால், நல்லவேளை, இருந்தது. ரபீக்குடையது கொடுத்த உறையிலேயே இருந்தது. மூன்று.

குளத்தூர் அத்தான் தயங்கித் தயங்கிச் சாவிக்கொத்தை எடுத்தார். அதில் ஒரு துருப்பிடித்த வஸ்து தொங்கியது.

"தொலஞ்சிரக் கூடாதேன்னுதான் சாவியோட மாட்டுனேன். அளத்துக் காத்து பட்டு இப்படி ஆயிட்டு."

சொருகினேன். விளக்கே எரியவில்லை. திருப்பிச் சொருகினேன். ஊதிச் சொருகினேன். அத்தை என்னைத் திட்டியிருந்தால் தேவலை. அவள் திட்டவில்லை.

"சரி விடு. போடட்டுமான்னு நீ கேட்ட அன்னைக்கே நான் கேட்டிருக்கணும்" என்று எழுந்து, கொல்லைப்புறத்தில் கறி அண்டாவைக் கழுவப் போய்விட்டாள்.

எனக்கு அங்கேயே பூமி பிளந்து என்னை விழுங்கினால் பரவாயில்லை என்று இருந்தது. ஒரு மனுஷி கேட்பதற்கு முன்னாலேயே அவள் புருஷன் குரலை, அதுவும் கைதட்டலுக்காகத் தொலைத்துவிட்டேன். அழுதேன். மாமா எழுந்து வந்து என் தலையில் கையை வைத்து, விடு விடு என்று கையாட்டினார். ஆறுதல் சொல்லக்கூட அவருக்குச் சத்தம் இல்லை. அதைப் பார்த்து இன்னும் அழுதேன்.

"ஏ, அழுது அதுல தண்ணிய விட்றாத. இங்கன குடு" என்றான் ரபீக். வண்டியிலிருந்து கடைப் பெட்டியை எடுத்து வந்து, பென் டிரைவின் ஓட்டைப் பிளந்தான். பிரஷ்ஷால் ஏதோ திரவத்தைத் தொட்டுத் தொட்டு உப்பைக் கரைத்தான். விட்டுப்போன ஒரு முனையைப் பற்றவைத்தான். "யாரும் மூச்சு விடாதிய" என்றான். சித்தப்பா உண்மையாகவே மூச்சை அடக்கிக்கொண்டார்.

சொருகினான். பச்சை விளக்கு மினுங்கியது.

நாலாவது துண்டு முழுசாக வந்து சேர்ந்தது. நிரலை ஓடவிட்டேன். அலுவலகத்தில் இதை எத்தனையோ தடவை ஓட்டியிருக்கிறேன், கொட்டாவி விட்டுக்கொண்டு. அன்றைக்குக் கட்டளையை மூன்று தடவை படித்துப் பார்த்துவிட்டுத்தான் பொத்தானை அமுக்கினேன். சித்தப்பா அம்மன் பாட்டுக்காக அழித்த துண்டும் ஜெராக்ஸ் கடையில் செத்த துண்டும் இந்த உலகத்திலேயே இல்லை. ஆனாலும் அவற்றில் என்ன இருந்தது என்று மற்ற நாலுக்கும் தெரிந்திருக்கிறது. கோப்பு கண் முன்னால் வளர்ந்தது. சரிபார்த்தேன். துண்டாக்கிய அன்று குறித்துவைத்திருந்த சரிபார்ப்பு எண்ணோடு ஒரு புள்ளிகூடப் பிசகவில்லை. யாரோ எங்கேயோ ஒரு தாளில் கணக்குப் போட்டிருக்கிறார்கள். அது கரிசல் காட்டில் ஒரு முற்றத்தில், ஒரு மனிதரின் தொலைந்துபோன சத்தத்தைத் திருப்பித் தருகிறது. கடவுளே என்று வாய்விட்டே சொன்னேன்.

ரபீக் ஸ்பீக்கரை மாட்டினான். முதலில் காற்று. பிறகு ஆட்டு மணிகள். பிறகு முற்றமே அதிர, மாமா.

"ஏ பேச்சீ! தூக்குச்சட்டியில கூழு இருக்கு, வெங்காயம் எங்கட்டி?"

கொல்லைப்புறத்திலிருந்து, அண்டா தேய்க்கிற சத்தத்துக்கு மேலே, பதில் பறந்து வந்தது.

"மூடிக்குள்ளதான் வச்சிருக்கேன், நல்லாப் பாரும்!"

ஒரு கணம் கழித்து ஸ்பீக்கருக்குள்ளிருந்து, அன்றைக்குப் பக்கத்துக் காட்டில் களையெடுத்துக்கொண்டிருந்த அத்தையின் குரல் தூரத்தில் மெல்லக் கேட்டது.

"மூடிக்குள்ளதான் வச்சிருக்கேன், நல்லாப் பாரும்!"

அண்டா சத்தம் நின்றது. அத்தை கையெல்லாம் கரியோடு வாசலில் வந்து நின்றாள். மாமாவைப் பார்த்தாள், ஸ்பீக்கரைப் பார்த்தாள், மறுபடி மாமாவைப் பார்த்தாள். மாமாவுக்குத் தோள் குலுங்கியது. சத்தமில்லாமல் சிரிக்கிறாரா அழுகிறாரா என்று எங்களுக்குத் தெரியவில்லை. அத்தைக்குத் தெரிந்தது போல. கரிக்கையோடு போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, பொழுது சாயும் வரைக்கும் எல்லாவற்றையும் கேட்டாள், பிள்ளைகள் கேட்கக் கூடாததையும் சேர்த்து.

அன்றைக்கே ஆறு பேருக்கும் முழுசு முழுசாகக் காப்பி எடுத்துக் கொடுத்துவிட்டேன். ஆனாலும் என் பெயர் போனது போனதுதான். நான் எந்த வீட்டில் மடிக்கணினியைத் திறந்தாலும், "மொதல்ல எதையும் அழிக்காம இரும்மா" என்பார் சித்தப்பா. பந்தியில் யார் எதைக் கேட்டாலும், அப்பளமோ பாயசமோ, "மூடிக்குள்ளதான் இருக்கு" என்று இலைக்கு இலை பதில் வரும்.

மாமா வெங்காயம் கேட்கிற அந்த ஒரு வரியை மட்டும் வெட்டி அவருடைய செல்போனில் போட்டுக் கொடுத்திருக்கிறேன். அத்தையைக் கூப்பிட வேண்டுமென்றால் மாமா அதைத்தான் அமுக்குகிறார். அவள் வீட்டுக்குள் இருந்தாலும் தொழுவத்தில் இருந்தாலும் அதே பதிலைச் சொல்லிக்கொண்டு வருகிறாள். போன தடவை நான் போயிருந்தபோது இருவரும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். எட்டித் தொடுகிற தூரம்தான். ஆனாலும் மாமா போனை எடுத்து அமுக்கினார். அத்தை, "மூடிக்குள்ளதான் வச்சிருக்கேன், நல்லாப் பாரும்" என்று சொல்லிவிட்டு, எழுந்து போய் ஒரு வெங்காயத்தை உரித்து அவர் தட்டில் வைத்தாள்.

அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தது இட்லி. அதற்கும் அதைக் கடித்துக்கொண்டார்.