காதுக்கு லேப்டாப், கண்ணுக்கு டேப்லெட்

மயிலாப்பூர்,
செவ்வாய்க்கிழமை.

மகாஸ்ரீ விஜயராகவன் அத்திம்பேர் அவர்களுக்கு, தங்கள் மைத்துனன் பத்ரிநாராயணன் நமஸ்காரம் செய்து எழுதிக்கொண்டது. இவ்விடம் நானும் ஜெயாவும் உடம்பளவில் க்ஷேமம். நீரஜா அக்காவின் முட்டி, தங்களின் சர்க்கரை, திருவான்மியூர்த் தண்ணீர் லாரி ஆகிய மூன்றும் சொன்ன பேச்சைக் கேட்டு நடந்துகொள்ளப் பிரார்த்திக்கிறேன்.

தாங்கள் போன வாரம் ஒரு சந்தேகம் கேட்டிருந்தீர்கள். "எங்கிட்ட சின்ன லேப்டாப் ஒண்ணு இருக்கு பத்ரி, அதோட பெரிய டேப்லெட் ஒண்ணும் வாங்கினா பிரயோஜனப்படுமா, இல்லே ரெண்டும் ஒண்ணையொண்ணு முறைச்சுண்டு உக்காந்திருக்குமா?" என்று. நம் குடும்பத்தில் இரண்டையும் வைத்துக்கொண்டு குப்பை கொட்டும் ஒரே ஆசாமி நான் என்பதால் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். வாங்காதீர்கள். ஏன் என்பதற்குத்தான் இத்தனை காகிதம். முடிவில் ஒரு உபகாரமும் கேட்கப்போகிறேன். போனில் சொல்லலாமே என்பீர்கள். இந்த ஃபிளாட்டில் போன் பேசினால் ஜெயா காதில் விழும். லேப்டாப்பில் தட்டினால் டேப்லெட்டில் தெரியும், டேப்லெட்டில் தட்டினால் லேப்டாப்பில் தெரியும். வீட்டில் ரகசியம் காக்கத் தெரிந்த ஒரே சாதனம் இந்தப் பால்பாயிண்ட் பேனாதான்.

ஜெயா நாலு வருஷமாக ஆன்லைனில் பாட்டு கற்றுக்கொடுப்பது தாங்கள் அறிந்ததே. தினம் சாயங்காலம் நாலு மணிக்கு, சிங்கப்பூர், பெர்த், பெங்களூரு என்று எட்டு குழந்தைகள், எல்லோரும் அந்தப் பதினோரு அங்குல லேப்டாப்புக்குள் தபால் தலை அளவில் உட்கார்ந்திருப்பார்கள். ஜெயாவுக்கு முகம் முக்கியமில்லை, கைதான் முக்கியம். "தொண்டை சமாளிச்சுடும், தொடை மேல விழற கை பொய் சொல்லாது" என்பது அவள் கட்சி. தபால் தலைக்குள் தாளம் போடும் கையைத் தேடித் தேடி அவளுக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது. "ஏன்னா, கொஞ்சம் பெரிசா தெரியறாப்பல ஏதாவது பண்ண முடியுமா?" என்று கேட்டாள். இருபத்தேழு வருஷத்தில் அவள் வாய் விட்டுக் கேட்டது கிரைண்டருக்குப் பிறகு இதுதான். அன்றைக்கே தி.நகரில் ஒரு கடையில் போய் நின்றேன். அங்கே பிரபு என்று ஒரு விற்பனையாளர். "சார், லேப்டாப் வேலைக்கு, டேப் வாழ்க்கைக்கு" என்றார். அத்திம்பேர், அந்த வாக்கியத்துக்காகவே வாங்கலாம் என்று தோன்றியது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன். வாங்கியது ஜெயா பெயரைச் சொல்லி. தேர்ந்தெடுத்தது, கடை சோபாவில் சாய்ந்து என் தொப்பை மேல் வைத்துப் பார்த்து. பதிமூன்று அங்குலம் கச்சிதமாக உட்கார்ந்தது. கிரிக்கெட் பார்க்கவும் பேப்பர் படிக்கவும் அதைவிட வாகான ஜோடி உலகத்தில் இல்லை.

வீட்டுக்கு வந்து வைத்தால் லேப்டாப்பைவிட டேப்லெட் பெரிசு. அதோடு கொடுத்த ஸ்டாண்டு அதைத் தாங்க மாட்டேன் என்று மல்லாந்துவிட்டது. ஜெயா பாராயணப் புத்தகம் வைத்துப் படிக்கிற சிக்குப் பலகையை எடுத்து விரித்து அதில் சாய்த்து வைத்தேன், ஜம்மென்று நின்றது. அடுத்த சிக்கல், டேப்லெட்டில் சத்தம் கரகரவென்று வந்தது, ரெண்டிலும் சத்தம் வைத்தால் கிணற்றுக்குள்ளிருந்து பாடுகிற மாதிரி எதிரொலி. நான்தான் பெரிய மூளைக்காரன் ஆச்சே. ரெண்டையுமே கிளாஸில் சேர்த்துவிட்டு, டேப்லெட் வாயை அடைத்து, லேப்டாப்பைப் பக்கத்து ஸ்டூலில் ஏற்றினேன். "காதுக்கு லேப்டாப், கண்ணுக்கு டேப்லெட். இனிமே கழுத்து வலியே கிடையாது போ" என்று அறிவித்தேன். சிங்கப்பூர் ஷ்ரேயா முதல் நாளே, "மாமி, நீங்க ரெண்டு பேரா வந்திருக்கேள். ஒரு மாமிக்கு தோடு மட்டும்தான் தெரியறது" என்றாள். எல்லோரும் சிரித்தோம். அன்றைக்குச் சிரித்ததுதான் அத்திம்பேர்.

நாலு நாள் கழித்து ஜெயா முகம் சுருங்க ஆரம்பித்தது. "கை பின்னாடி இழுக்கறதேடி, கவனி" என்றாள் ஒரு குழந்தையிடம். மறுநாள் இன்னொன்றிடம். அப்புறம் எல்லோரிடமும். பெர்த்தில் ஹம்சினி என்று ஒன்பது வயசு வாண்டு ஒன்று. தாளத்தில் பிசகவே பிசகாது, ஜெயாவுக்கு அவள் என்றால் உசிர். வர்ணத்தை ரெண்டாம் காலத்தில், அதாவது இரட்டை வேகத்தில், பாடிக்காட்டினாள். "அரை இடம் தள்ளி விழறது ஹம்சினி." அவள் மறுபடி பாடினாள். "தள்ளித்தான் விழறது." மறுபடி. "நீயுமா? நீ மனசு வெச்சு போடலை. கிளம்பு, போய் பிராக்டிஸ் பண்ணிட்டு வா." திரையில் பதிமூன்று அங்குலத்துக்கு அந்தக் குழந்தையின் உதடு நடுங்கினதை நான் அடுக்களை வாசலில் நின்று பார்த்தேன். ராத்திரி அதன் அம்மாவிடமிருந்து மெசேஜ், "கொஞ்ச நாள் ஹம்சினி வர மாட்டா மாமி, தப்பா நினைச்சுக்காதீங்கோ" என்று.

இப்போது நான் ஒளித்துவைத்திருக்கிற விஷயத்துக்கு வருகிறேன். நம் மேல் வீட்டில் தங்கவேல் என்று ஒருத்தர், சிந்தாதிரிப்பேட்டையில் மீன் தொட்டிக் கடை வைத்திருப்பவர், மேட்ச் என்றால் நம் ஹாலுக்கு வந்துவிடுவார். இதற்கு முந்தின ஒரு ஞாயிற்றுக்கிழமை டேப்லெட்டில் மேட்ச் ஓடிக்கொண்டிருக்க, அடுக்களையில் மறந்துபோய் லேப்டாப்பிலும் அதே மேட்ச் ஓடியது. காபி எடுக்கப் போனேன், லேப்டாப்பில் "அவுட்" என்று ஊரே கத்துகிறது. ஹாலுக்கு வந்தால் டேப்லெட்டில் பவுலர் இன்னும் ஓடி வந்துகொண்டிருக்கிறான்! லேப்டாப்புக்கு நெட் ஒயரில் வருகிறது, டேப்லெட்டுக்கு ரெண்டு சுவர் தாண்டிக் காற்றில் வருகிறது, அதனால் இருக்கலாம், எனக்கு என்ன தெரியும். ஆனால் சும்மா இருக்க எனக்குத் தெரியாதே. காபி, பஜ்ஜி, தண்ணீர் என்று அடுக்களைக்குப் போய்ப் போய் வந்து, "தங்கவேல், அடுத்த பந்து அவுட் பாருங்க" என்று நாலு விக்கெட்டை முன்கூட்டியே சொன்னேன். மனுஷன் வெலவெலத்துப் போய்விட்டார். "சார், இன்னா வாய் சார் உனுக்கு! தொறந்தாலே விக்கெட் பூடுது. நம்ம டீம் ஆடும்போது மட்டும் கொஞ்சம் கம்னு கெட சார், புண்ணியமா போவும்" என்று கும்பிட்டார். வீதி முழுக்க எனக்குக் கருநாக்கு என்று பெயர். ஒரு வாரம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு காய்கறி வாங்கினேன்.

ஹம்சினி உதடு நடுங்கின அன்றைக்கு, அந்த நிமிஷமே எனக்குப் புரிந்துவிட்டது. குரல் லேப்டாப்பில் முன்னாடி வருகிறது, கை டேப்லெட்டில் பின்னாடி வருகிறது. குழந்தைகள் சரியாகத்தான் போடுகிறார்கள். உதடும்தான் பின்னாடி அசைந்திருக்கும், ஆனால் ஜெயா உதட்டைப் பார்க்கிற ஜாதி இல்லை. ஒரு வார்த்தை, "ஜெயா, தப்பு என்னோட ஏற்பாட்டுல" என்று சொல்லியிருந்தால் முடிந்தது. சொல்ல வாயெடுத்தேன். "பெரிசா தெரியறது, தெய்வமே, இல்லேன்னா இந்தத் தப்பெல்லாம் கண்டுபிடிச்சிருக்கவே மாட்டேன்" என்று அவள் டேப்லெட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டேன். அப்புறம் நாளைக்கு. இன்றோடு இருபத்துமூன்று நாளைக்கு.

இதற்குள் ஜெயா தானாக ஒரு முடிவுக்கு வந்துவிட்டாள். அவள் மூளை என்னுடையதைப் போல் இல்லையே, யோசிக்கும். "எட்டு குழந்தை, எட்டு ஊர்ல, எல்லாம் ஒரே மாதிரி எப்படி பின்னாடி போடும்? தப்பு அதுகள்கிட்ட இல்லேன்னா, எங்கிட்டதான்" என்றாள். காது டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போகச் சொன்னாள். போனேன், அத்திம்பேர்! கூடவே ஆட்டோவில் உட்கார்ந்து, ரெண்டு மணி நேரம் காத்திருந்து, அந்தக் கண்ணாடி அறைக்குள் அவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு சத்தம் கேட்கிறபோதெல்லாம் கையைத் தூக்கினதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லாம் தெரிந்துகொண்டு. டாக்டர், "காது அபாரமா இருக்கு, பாட்டுக்காரா காது இல்லையா" என்றார். சந்தோஷப்படுவாள் என்று நான் பார்த்தால், அடையாறு சிக்னலில் ஆட்டோ நிற்கும்போது மெதுவாகச் சொல்கிறாள்: "காது நன்னா இருக்குன்னா, லயம்தான் போயிடுத்து. அது உள்ள இருக்கறது. அதுக்கு மருந்து கிடையாது." எட்டு வயசிலிருந்து தாளம் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டு வந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து சிக்னலில் எத்தனை செகண்ட் பாக்கி என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாசக் கடைசியோடு கிளாஸை நிறுத்தப்போகிறாளாம். "தப்பா சொல்லிக்கொடுக்கறதுக்கு சொல்லிக்கொடுக்காம இருக்கலாம்" என்கிறாள். ஆகவே உபகாரம் என்னவென்றால், இந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தாங்கள் யதேச்சையாக வருவது போல் வர வேண்டும். அன்றைக்கும் கிளாஸ் உண்டு. சோபாவில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அடடே ஜெயா, குரல் முந்தறதே, படம் பிந்தறதே, இது என்ன மெஷின் கோளாறா?" என்று தாங்களே கண்டுபிடிக்க வேண்டும். தாங்கள் ரயில்வேயில் முப்பது வருஷம் சிக்னல் பார்த்தவர், நம்புவாள். நானும் ஆச்சரியப்படுகிறேன், நன்றாகவே ஆச்சரியப்படுவேன். கையாலாகாதவன் கேட்கிறேன், மறுக்காதீர்கள்.

அக்காவுக்கு என் நமஸ்காரம். முட்டிக்குத் தைலம் வாங்கி வைத்திருக்கிறேன். இந்த வீட்டுச் சிறியவர்களின் வணக்கம் அங்கேயும், அங்கத்திய பெரியவர்களின் மன்னிப்பு இங்கேயும் வந்து சேர வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிந்த, நிமிர முடியாத,
பத்ரி

பி.கு.: கவரில் தங்கள் விலாசம் எழுதிக்கொண்டிருக்கும்போது ஜெயா லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தாள். எட்டு அம்மாக்களுக்கும் கிளாஸ் நிற்கிறது என்று எழுதி வைத்திருந்தாள். "என்னால பட்டனை அமுக்க முடியலை. நீங்களே அனுப்பிடுங்கோ." என் விரலுக்கும் அது முடியவில்லை அத்திம்பேர். பதிலுக்கு இந்தக் கடிதத்தை அவளிடம் நீட்டினேன். நின்றபடியே படித்தாள். தங்கவேல் வரும் இடத்தில் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. படித்து முடித்து, "அப்போ எனக்கு ஒண்ணும் ஆகலையா?" என்று மட்டும் கேட்டாள். "ஒண்ணும் ஆகலை." உட்கார்ந்து, முந்தானையில் முகத்தை மூடிக்கொண்டு ரொம்ப நேரம் அழுதாள்.

அப்புறம் லேப்டாப்பில் மட்டும் ஹம்சினியைக் கூப்பிட்டு, ஒன்பது வயசுக் குழந்தையிடம், "மாமி தப்பு பண்ணிட்டேன் கண்ணா, நீ சரியாத்தான் போட்டே" என்று மன்னிப்புக் கேட்டாள். அதற்கு அந்தப் பொண்ணு, "இல்லை மாமி, நான் பிராக்டிஸ் பண்ணி கரெக்ட் பண்ணிட்டேன், பாருங்கோ" என்று பாடிக்காட்டினாள். மூன்று வாரமாக ஒற்றையாக உட்கார்ந்து பழகியிருக்கிறாள். கை இப்போது பாட்டுக்கு அரை இடம் முன்னாடி விழுகிறது! ஜெயா பாட்டை லேப்டாப்பில் கேட்டுக்கொண்டே கையை டேப்லெட்டில் பார்த்தாள். அதில் அட்சர சுத்தமாக இருந்தது. அந்தக் குழந்தையைத் திரும்பப் பழைய வழிக்குக் கொண்டுவர ஆறு மாசமாவது ஆகும் என்கிறாள். அதுவரை தினம் கொஞ்சம் டேப்லெட், கொஞ்சம் லேப்டாப் என்று மாற்றி மாற்றிப் பார்த்தால்தான் எவ்வளவு திருந்தியிருக்கிறது என்று தெரியுமாம். ஆகவே மேலே எழுதினதை அடித்துவிடுங்கள். சின்ன லேப்டாப்போடு பெரிய டேப்லெட் கட்டாயம் தேவை.

ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம் என்று எழுதலாம் என்றிருந்தேன். ஜெயா வரத்தான் சொல்கிறாள், அக்காவையும் அழைத்துக்கொண்டு. அடை பண்ணுகிறாளாம், உங்கள் ரெண்டு பேருக்கும். எனக்கும் உண்டா என்று கேட்டேன். பதில் வந்தது, வராமலில்லை. ஆனால் என் பக்கம் திரும்பாமல், கொஞ்சம் தாமதமாக வந்தது. கடிதத்தைப் படித்ததிலிருந்து அப்படித்தான் வருகிறது.