ஹட்டனில் ஈர்ப்பு கொஞ்சம் குறைவு

கடைசிப் பக்கத்து விடையைப் பார்த்துவிட்டுக் கணக்குக்கு வருகிறவர்கள் என்று உலகத்தில் ஓர் இனம் உண்டு. எங்கும் இவர்களைப் பார்க்கலாம். ஆனால் ஒரு கையில் சோக்கும், மறு கையில் லண்டனில் அச்சான பௌதிகப் புத்தகமும், அதன் விடைப்பக்கத்துக்குள் செருகிய ஒரு விரலுமாகக் கரும்பலகைக்கு முன்னால் நிற்கும்போதுதான் அவர்களின் முழு அழகும் தெரியும்.

இலங்கை மலையகத்து ஹட்டன் பள்ளிக்கூடமொன்றில் ஆண்டியப்பன் மாஸ்டர் அப்படித்தான் நின்றார். எறிந்த பந்து எங்கே விழும் என்று அவர் கணக்குப் போடுவதில்லை; விழுந்த இடத்தைப் புத்தகத்தில் பார்த்துக்கொண்டு, அங்கே போய் விழும்வரை விடாமல் எறிந்துகொண்டிருப்பார். காற்றா? "காற்று இல்லையென்று வைத்துக்கொள்!" வெளியே தகரக் கூரையைக் கழற்றும் காற்று அடித்துக்கொண்டிருக்கும்.

அன்று திருத்திக் கொடுத்த தாளில் வீரம்மாவுக்கு முப்பத்தெட்டு. நாற்பது எடுத்தால்தான் சர்வகலாசாலைப் பரீட்சை விண்ணப்பத்தில் மாஸ்டரின் கையெழுத்து விழும். தேயிலைத் தோட்டத்தில் அவள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளிலிருந்து அந்த விண்ணப்பத்தை அதுவரை யாரும் தொட்டதில்லை. எழுந்து நின்றாள்.

"சார், செக்கனுக்கு அறுபத்துநாலு அடி வேகம், நாப்பத்தஞ்சு பாகை. பந்து நூத்தி இருபத்தெட்டு அடியிலதானுங்க விழும். பிழைன்னு போட்டிருக்கீங்க."

"புத்தகத்துல நூத்தி எண்பத்திரண்டு. வெள்ளைக்காரன் பொய்யா அச்சடிப்பான்?"

"ரெண்டும் எட்டும் எடம் மாறியிருக்குங்க சார்."

மாஸ்டர் பலகையில் போட்டுப் பார்த்தார். நூற்று இருபத்தெட்டு. அழித்துவிட்டுப் போட்டார். இரக்கமில்லாத பந்து, மறுபடியும் அதே இடத்தில் விழுந்தது. புத்தகத்தில் பிழை என்று ஒப்புக்கொள்வாரா? அந்த இனத்தில் அந்த வழக்கம் இல்லை. புவியீர்ப்பு முப்பத்திரண்டை அழித்து, இருபத்திரண்டரை என்று எழுதினார்.

"ஹட்டன் நாலாயிரம் அடி உயரம். இங்கே ஈர்ப்பு கம்மி. பந்து கூடத்தான் போகும்."

வீரம்மா உட்காரவில்லை. "அப்ப எனக்கு அந்த ரெண்டு மார்க்கு கெடையாதுங்களா?"

மாஸ்டர் தாளையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நீ எங்கேயிருந்து வர்ற புள்ள?"

"வட்டவளைங்க சார். ரயில்ல வர்றேன்."

"அதானே பார்த்தேன்! வட்டவளை கீழே கிடக்கு. அங்கே முப்பத்திரண்டுதான். உன் ஊருக்கு உன் விடை சரி."

மார்க்கும் விழுந்தது, கையெழுத்தும் விழுந்தது. அடுத்த நிமிஷமே பாதி வகுப்பு வட்டவளையில் குடியேறிவிட்டது.

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். ஆனால் ஒன்று: நூற்று இருபத்தெட்டுதான் சரியென்று நீங்கள் பென்சில் எடுத்துப் போட்டுப் பார்த்தீர்களா, இல்லை, அச்சில் இருக்கிறதே என்று நம்பிவிட்டீர்களா?