குட்மேய்ஸில் அமெரிக்கச் சிப்பாய்களுக்கு ஓர் உண்டியல்

குட்மேய்ஸ், லண்டன்,
ஞாயிற்றுக்கிழமை.

எங்கள் முதியோர் சங்கத்தின் காப்பாளரும் என் மனைவியின் தம்பியுமாகிய குரோய்டன் இராசரத்தினம் அவர்களுக்கு,

மச்சான், என் பேச்சைச் சங்கம் பாதியில் பறித்துவிட்டது. சுகவிசாரணை அதற்குப் பிறகுதான். நாங்கள் சுகம்; என் இடது முழங்கால் மட்டும் ஒத்துழைக்கவில்லை. முல்லைத்தீவில் உம்முடைய மருமகன் கிருசாந்தனின் செயற்கைக் கால் முறிந்ததையும், “சொந்தக்காரரின்ரை பிச்சை வேண்டாம்” என்று நீர் அனுப்பிய காசை அவன் திருப்பிவிட்டதையும் அறிந்தேன். போரில் காலை இழந்தவனுக்கு அந்த ரோசம் இருக்கும். அது கிடக்கட்டும்.

ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் என்று எவரும் சொல்லக்கூடாதென்று, நூலகத்தில் குந்தியிருந்து படித்து, ‘அமெரிக்க விடுதலைப் போரில் ஊனமுற்ற சிப்பாய்களின் ஓய்வூதியம்’ என்று பேசப் போனேன். பதினெட்டாம் நூற்றாண்டு என்று முதல் வசனத்திலேயே சொன்னேன். அப்போது மைக் வேலை செய்யவில்லை. மைக்குக்கு உயிர் வந்தபோது, கால் போனவன் நீதிமன்றத்துக்கு நேரில் வரவேண்டும், மேலதிகாரி எழுதித் தராவிட்டால் கூடப் போராடிய இருவர் சாட்சி சொல்லவேண்டும், இந்த விசாரணை எங்கள் வேலையில்லை என்று சில நீதிபதிகளே மறுத்தார்கள் என்ற இடத்தில் நின்றேன். முன்வரிசையில் மூக்குறிஞ்சும் சத்தம். செயலாளர் அருள்மலர் எழும்பிவிட்டார்.

“ஐயோ அண்ணை, அந்தப் பிள்ளையள் இப்ப எங்க இருக்கினம்?”

“மண்ணுக்குள்ள, தங்கச்சி. இருநூறு வருசமாச்சு.”

“அப்ப அவையின்ரை பேரப்பிள்ளையள் இருப்பினம்தானே! எங்கட சனத்துக்குத் தெரியாத வலியே?”

அவ்வளவுதான். அன்னதான உண்டியல் மேசைக்கு வந்துவிட்டது. விடுதலை, போர், கால் என்ற மூன்று சொல்லும் ஒன்றாய் வந்தால் எங்கள் சனத்தின் கை தானாகவே பைக்குள் போகும். எந்த நாடு என்று ஒருவரும் கேட்பதில்லை. “நில்லுங்கோ, அமெரிக்கா பணக்கார நாடு!” என்று கத்தினேன். “இதுவும் பணக்கார நாடுதான் அண்ணை. என்ரை கால் திரும்ப முளைச்சிட்டுதோ எண்டு உதவிப்பணம் தாறவங்கள் ரெண்டு தரம் கூப்பிட்டுப் பாத்திட்டாங்கள்” என்று பின்வரிசையில் ஊன்றுகோலோடு இருந்தவர் சொல்ல, மண்டபமே கைதட்டியது. நீதிபதிகள் ஏன் மறுத்தார்கள் என்ற அருமையான பகுதி என் சட்டைப் பைக்குள்ளேயே கிடக்க, எனக்குப் பொன்னாடை போர்த்தி, ‘நிதி திரட்டிய செம்மல்’ என்று பட்டமும் தந்து, ரோல்ஸ் சாப்பிடப் போய்விட்டார்கள்.

ஆகவே: அருள்மலர் உண்டியலைத் திறந்து அவரவரிடம் திருப்பிக் கொடுக்கவேண்டும். தலைவர் மைக்கைத் திருத்தவேண்டும். ஊன்றுகோல்காரர் மன்னிப்புக் கேட்கவேண்டும். காப்பாளரான நீர் எழும்பி நின்று, அந்தச் சிப்பாய்களில் ஒருவரும் உயிரோடில்லை என்று சபைக்கு அறிவிக்கவேண்டும். மிச்சப் பேச்சை நான் பேசுவேன். சபை அழாமல் கேட்கவேண்டும்.

உமக்கும் உம்முடைய மனைவி சுவர்ணாவுக்கும் ஆண்டவன் நல்ல முழங்கால்களை அருள்க.

இப்படிக்கு,
ஒரு சொல்லும் பின்வாங்காத மச்சான்,
செல்வரத்தினம்

பி.கு.: மேலே சொன்ன எதையும் செய்யவேண்டாம். ஒருவரும் காசைத் திருப்பி வாங்குகிறார்கள் இல்லை. “ஆருக்கு அண்ணை அனுப்புறது?” என்று அருள்மலர் இப்போதுதான் ஃபோனில் கேட்டார். ஒருவர் உயிரோடிருக்கிறார், முல்லைத்தீவில், என்றேன். “அமெரிக்கனோ?” “இல்லை.” “அப்ப சரி” என்றார். கிருசாந்தன் பிச்சை வாங்கமாட்டான், ஓய்வூதியம் வாங்குவான். சபையில் சாட்சிக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் நான், மற்றவர் நீர். கால் இன்னும் முளைக்கவில்லை என்று மட்டும் சொன்னால் போதும்.